பொரிகல் தேடிய அத்தான்

என் அக்காள் புருஷன் தவெங்வா சிரித்தால் ஆற்றுக்கு அந்தக் கரையில் மேய்கிற மாடு தலையைத் தூக்கிப் பார்க்கும். நான் எதையும் கூட்டிச் சொல்கிறவள்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதில் ஒரு சொட்டும் கூட்டவில்லை. பெண் கேட்டு வந்த அன்றைக்கே, தூது வந்தவர் முறைப்படி எல்லாம் பேசிக்கொண்டிருக்க, வாயே திறக்கக் கூடாத மாப்பிள்ளை வேலிக்கு வெளியே நின்றுகொண்டு, எங்கள் சேவல் வாளிக்குள் விழுந்ததைப் பார்த்துக் கெக்கெக்கே என்று சிரித்துவிட்டார். அப்பா அதற்கென்று தனியாக ஓர் அபராதம் போட்டார். அதைக் கட்டும்போதும் சிரித்தார். "இந்த ஆளையே கட்டிக்க, வீட்டுக்கு ரேடியோ வாங்குற செலவு மிச்சம்" என்று அக்காள் ஷுவாயிடம் அப்போதே சொன்னேன். அவள் வெட்கப்பட்டதைப் பார்த்தால், நான் சொல்வதற்கு முன்பே முடிவு செய்திருந்தாள் என்று தோன்றியது.

அந்தச் சிரிப்பு வாயை மூடிக்கொள்ளும் இடம் உலகத்தில் ஒன்றே ஒன்று. என் அம்மாவுக்கு முன்னால். மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் பேசுவது எங்களிடம் கிடையாது. தள்ளிக் குந்தி, கையைக் குவித்து மெல்லத் தட்டி வணக்கம் சொல்லலாம், அதோடு சரி. மற்றதெல்லாம் நடுவில் ஓர் ஆள் வழியாக. மாமியாரின் சமையல் குடிசைக்குள் மருமகன் கால் வைப்பதைப் பற்றி நினைக்கவே கூடாது. இப்போது பல வீடுகளில் தளர்த்திக்கொண்டார்கள். போன வருஷம் பக்கத்து வீட்டு மாப்பிள்ளை மாமியார் தோளில் கை போட்டு செல்ஃபி எடுத்தான். அந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து அம்மா அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. ஆக, எங்கள் குடும்பத்தில் நடு ஆள் இன்னும் தேவை. அந்த உத்தியோகம் எனக்கு, ரிந்தாய்க்கு. சம்பளம் கிடையாது, ஆனால் ருசி உண்டு.

எங்கள் பக்கத்து ஆண்களைப் போல அத்தானும் பிழைக்க ஜோகன்னஸ்பர்க் போனவர். ஜோனி என்போம். அங்கே ஒரு செடிப் பண்ணையில் மண் கலக்குகிற வேலை. கிறிஸ்துமஸுக்குப் போர்வையும் சோப்புமாக வருவார், ஊரையே சிரிக்க வைப்பார், ஜனவரியில் பஸ் ஏறிவிடுவார். அப்புறம் பதினோரு மாதம் அக்காளுக்கு போன்தான் புருஷன். போன கிறிஸ்துமஸுக்கு அவர் மூட்டையோடு வாசலில் வந்து நின்றபோது, கடைக்குட்டிப் பெண் உள்ளே ஓடி, "அம்மா, யாரோ வந்திருக்காங்க, தண்ணி வேணுமாம்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அத்தானுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஜனவரியில் பஸ் வந்தது, போனது. அவர் ஏறவில்லை. "இங்கயே ஏதாவது பாக்குறேன்" என்றார். எங்கள் ஊர் புஹேராவில் என்ன பார்ப்பது? ஆடும் வெயிலும்தான் இருக்கிறது.

அப்போதுதான் ருச்செரா குன்றடியில் கூடாரம் போட்டார்கள். ஹராரேயிலிருந்து ஒரு கம்பெனி, அதற்கு யெமுராய் என்று ஒரு நிலவியல் மேடம். சின்ன வயசு, பெரிய தொப்பி. குழி வெட்ட ஆள் வேண்டும் என்றார்கள், அத்தான் போனார். சமைக்க ஆள் வேண்டும் என்றார்கள், நான் போனேன். முதல் நாள் மேடம் தரையிலிருந்து பழுப்பாக, தட்டையாக, மின்னுகிற செதில் ஒரு கைப்பிடி அள்ளினாள். என் வாணலியைக் கேட்டு வாங்கி, அடுப்பில் நன்றாகக் காயவைத்து, அதில் போட்டாள். ஐயோ, அதை என்னென்று சொல்ல! ஒவ்வொரு செதிலும் நெளிந்தது, நிமிர்ந்தது, புழு மாதிரி நீண்டு, பொன் நிறத்தில் உப்பி வாணலி விளிம்புக்கு ஏறிவிட்டது. சோளம் பொரிகிற மாதிரியேதான், கல் பொரிகிறது! நான் கத்தினேன். குழி வெட்ட வந்த தடியன்களும் கத்தினார்கள். ஊதினால் பறக்கிறது, அவ்வளவு லேசு.

"இதுக்குப் பேரு வெர்மிகுலைட்" என்றாள் மேடம்.

"பேரு எதுவோ இருக்கட்டும், இதத்தான் நான் ஜோனியில மூட்டை மூட்டையா மண்ணோட கலந்தேன்!" என்று அத்தான் குதித்தார். "செடிக்கு ஈரம் பிடிச்சு வைக்கும். அடப்பாவிகளா, வீட்டு வாசல்ல கிடக்குறத விட்டுட்டு ஆயிரம் மைல் தாண்டிப் போயா மூட்டை தூக்கினேன்?"

நாங்கள் அதற்குப் பொரிகல் என்று பேர் வைத்தோம். மேடமும் பிறகு அப்படியே சொல்லப் பழகிவிட்டாள்.

குன்றில் பொரிகல் இருக்கிறது என்பது பிரச்சினையே இல்லை. எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம், செதில் எத்தனை பெரிது, எத்தனை மடங்கு உப்புகிறது, இவைதான் தெரிய வேண்டும் என்றாள் மேடம். கயிறு பிடித்து, வரிசையாக முளை அடித்து, முளைக்கு ஒரு குழி. ஆள் மறைகிற ஆழத்துக்கு வெட்டி, குழிச் சுவரை மேலிருந்து கீழ்வரை சுரண்டி, பையில் கட்டி, சலித்து, எடை பார்த்து, பொரித்து, மறுபடி அளந்து. வாணலி இரவல் போனது போனதுதான், எனக்குத் திரும்பி வரவே இல்லை. ஒரு நாள் அதே வாணலியில் முட்டை பொரித்துக் கொடுத்தேன். எல்லோர் பல்லிலும் மின்னியது.

"என் சின்னப் பொண்டாட்டி எனக்குத் தங்கப் பல்லு கட்டிவிட்டுட்டா!" என்று அத்தான் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். கொழுந்தியாளை அப்படிச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. திருப்பிக் கொடுக்க எனக்கும் உண்டு. "மூத்தவளுக்கே நீங்க வருஷத்துல ஒரு மாசம்தான். எனக்கு என்ன, பஸ் டிக்கெட்டா கிடைக்கும்?" என்றேன்.

ஆனால் குழிகள் கைவிரித்தன. வெட்ட வெட்ட டீத்தூள் மாதிரிப் பொடிச் செதில்தான். வாணலியில் லேசாகச் சிணுங்கிவிட்டுப் படுத்துவிடும். வரிசை பாதியைத் தாண்டியபோது மேடம் எல்லோரையும் உட்காரவைத்து, "வெள்ளிக்கிழமை ஹராரேலேர்ந்து கம்பெனிப் பெரியவர் வர்றார். இதவிட நல்லதா எதையும் காட்ட முடியலன்னா கூடாரத்த மடக்கச் சொல்லிருவார்" என்றாள். அன்று சாயங்காலம் அக்காள் அத்தானின் பெரிய ஜோனிப் பையை எடுத்து, உதறி, வெயிலில் காயப் போட்டாள். அத்தான் அதைப் பார்த்தார். சட்ஸாக் களியை உருட்டி உருட்டி வைத்துவிட்டு, சாப்பிடாமல் கை கழுவினார்.

மறுநாள் மேடம் டீசல் வாங்க முரம்பிந்தா டவுனுக்குப் போயிருந்தாள். அத்தான் அடுத்த முளையிடம் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கொஞ்சம் தள்ளி ஒரு கறையான் புற்று, ஆள் உயரம். அதன் முதுகில் வெயில் பட்டு மினுக் மினுக்கென்றது. கறையான் அடியில் இருப்பதை மேலே கொண்டுவரும், புற்று மண்ணைப் பார்த்தே அடியில் என்ன என்று சொல்லலாம் என்று மேடம் ஒரு நாள் பாடம் நடத்தியிருந்தாள். அது மட்டும் அத்தான் மண்டையில் ஆணி அடித்தாற்போல உட்கார்ந்திருந்தது.

"முளைய மாத்திட்டாப் போச்சு!" என்றார்.

"மேடம் உங்க தோல உரிப்பா அத்தான்."

"உரிக்கட்டும். பொரிகல் கிடைச்சா அத வச்சு மூடிக்கிறேன்."

புற்றை இடித்து உள்ளே இறங்கினார்கள். இடுப்பளவு போவதற்குள் கூச்சல். கட்டை விரல் நகம் அளவுக்குச் செதில்கள், கட்டி கட்டியாக, அடுக்கு அடுக்காக! நடுவில் ஒரு பானை ஓடு வந்தது. "மாட்டுக்காரப் பசங்க உடைச்சிருப்பானுங்க" என்று எறிந்தார். ஒரு பக்கம் கெட்டியாக, வழவழப்பாக ஒரு திட்டு வந்தது. "பாறை! தாய்ப் பாறையே வந்திருச்சு!" என்று அதன் மேல் ஏறிக் குதித்து ஆடினார். அந்தச் செதில் ஒரு பிடியை வாணலியில் போட்டோம். வாணலி போதவில்லை. பொங்கி வழிந்து அடுப்புக்குள் விழுந்து, காற்றில் பறந்து, என் தலையில், அத்தான் மீசையில், சட்ஸா பானையில், எங்கும் பொன். பைத்தியம் பிடித்த மாதிரி எல்லோரும் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு சிரித்தோம். எதற்குத் தள்ளினோம் என்று கேட்டால் தெரியாது.

மேடம் வந்தாள். முளையை நகர்த்தியதற்கு முதலில் நாலு திட்டு. பிறகு ஒரு செதிலை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு வாணலியைப் பார்த்தாள். பிறகு தொப்பி ஒரு பக்கம், மேடம் ஒரு பக்கம். லாரிக் கூரையில் ஏறி நின்று சிக்னல் பிடித்து, ஹராரேக்கு போன் போட்டுக் கத்தினாள். இறங்கி வந்து, "சுத்தியும் வெட்டிப் பாக்கணும், ஒரு குழிய வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது" என்றாள். யார் காதில் ஏறியது! அக்காள் காய்ந்துகொண்டிருந்த பையை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள்.

மருமகன் தங்கம் கண்டுபிடித்தான் என்று செய்தி ஆற்றைத் தாண்டி அண்ணன் வீட்டில் இருக்கும் அம்மாவுக்குப் போயிருந்தது. மறுநாள் காலையிலேயே பூசணிக்காய் ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு அம்மா வந்துவிட்டாள். நான்தான் குழிக்குக் கூட்டிப் போனேன். உள்ளே அத்தான் ரப்பர் பூட்ஸோடு அந்தத் திட்டின் மேல் நின்று ஆட்களுக்கு ஆடிக் காட்டிக்கொண்டிருந்தார். மாமியாரைக் கண்டதும் அப்படியே குந்தி, கை குவித்துத் தட்ட ஆரம்பித்தார்.

அம்மா அவரைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தாள். குழியை ஒரு சுற்றுச் சுற்றினாள். தூரத்தில் ஆற்று வளைவைப் பார்த்தாள். மறுபடி குழி. பூசணிக்காயைக் கீழே வைத்தாள்.

"ரிந்தாய், அந்த மனுஷன் எது மேல உக்காந்திருக்கார்னு கேளு."

"அத்தான், நீங்க எது மேல உக்காந்திருக்கீங்கன்னு அம்மா கேக்குறாங்க."

"பாறை மேலன்னு சொல்லு."

"பாறையாம்மா."

"பாறையா?" அம்மா குரல் ஏறியது. "அது என் பானைத் திட்டுடி! என் கையால பிசைஞ்சு, என் கையால மெழுகினது! நீ கைக்குழந்தையா இருக்கையில கிணறு வத்திப்போய் அந்தக் கரைக்குக் குடி போனோமே, அந்த வீடு இதுதான். இது என் சமையக்கட்டு!"

பானைத் திட்டு என்றால் பானை அடுக்குகிற மண்மேடை மட்டும் இல்லை. வீட்டில் யாராவது செத்தால் கடைசி இரவு அதன் முன்னால்தான் கிடத்துவோம். செத்துப்போன மூத்தவர்களோடு பேசுவதும் அங்கேதான். அதன் மேல் மருமகன், பூட்ஸோடு, ஆட்டம் வேறு! விஷயம் இவ்வளவுதான். அம்மா மாதா மாதம் எங்கிருந்தோ மின்னுகிற மண்ணைக் கொண்டுவந்து தரையையும் சுவரையும் மெழுகியிருக்கிறாள். வீடு இடிந்தது, மேலே புற்று வளர்ந்தது, கறையான் அந்தச் செதில்களைத் தூக்கி வெளியே வைத்தது. அதைப் பார்த்து அத்தான் கும்மாளம் போட்டார்.

மேடம் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "கிச்சனா? நான் ஹராரேக்கு ஒரு கிச்சனயா கண்டுபிடிச்சுச் சொன்னேன்?" என்று சிரித்தாள், உடனே அழப்போகிற மாதிரியும் இருந்தாள். அத்தான் குழியை விட்டு எப்படி ஏறினார் என்று யாருக்கும் தெரியாது. ஏதோ எறிந்தாற்போல வெளியே வந்து, தூரத்தில் அம்மாவுக்கு முதுகைக் காட்டிக் குந்திவிட்டார். அம்மாவும் அவருக்கு முதுகைக் காட்டிப் பூசணிக்காய் மேல் உட்கார்ந்தாள். நடுவில் நான்.

"ரிந்தாய், அத்தைகிட்ட சொல்லு, நான் வேணும்னு செய்யல, மன்னிக்கச் சொல்லு. ஒரு ஆடு, ஒரு துணி, தலைகுனிஞ்சு கொண்டுவந்து வைக்கிறேன்னு சொல்லு."

"அம்மா, அத்தான் ரெண்டு ஆடு தர்றாராம். நல்ல கொழுத்ததா."

"ஒண்ணுன்னுதானே சொன்னார்? எனக்குக் காது இருக்கு!" என்றாள் அம்மா. "சரி, ரெண்டாவே இருக்கட்டும்."

"அடிப்பாவி" என்றார் அத்தான் தரையைப் பார்த்து.

மேடம் தவழ்ந்து வந்து, "அம்மா, அந்த மண்ண எங்கேர்ந்து எடுத்தீங்க? அத மட்டும் சொல்லுங்க" என்று கெஞ்சினாள்.

"அது பொம்பளைங்க மண்ணு எடுக்குற இடம். ஆம்பளைங்களுக்குக் காட்ட மாட்டோம்" என்றாள் அம்மா. "முதல்ல இதக் கேளு ரிந்தாய். இந்த வயசுல இந்த மனுஷன் ஏன் பேய் பிடிச்ச மாதிரி மண்ணத் தோண்டிக்கிட்டுத் திரியுறார்? கம்பெனிக்காரன் இவருக்கு என்ன மாமனா மச்சானா?"

நான் திரும்பினேன். என்ன மசாலா சேர்க்கலாம் என்று யோசித்துக்கொண்டேதான் திரும்பினேன். அத்தான் முகத்தில் சிரிப்பு இல்லை.

"ஜோனிக்குத் திரும்பப் போகாம இருக்கத்தான்னு சொல்லு" என்றார். "என் பொண்ணுக்கு என்னை அடையாளம் தெரியலன்னு சொல்லு. வெள்ளிக்கிழமைக்குள்ள நல்ல மண்ணு கிடைக்கலன்னா வர்ற ஜனவரியில நான் பஸ் ஏறணும்னு சொல்லு."

அதை நான் எதுவும் கூட்டாமல், குறைக்காமல், அப்படியே சொன்னேன். அம்மா பூசணிக்காயை விட்டு எழுந்தாள். பக்கத்தில் நின்றவன் கையிலிருந்து மண்வெட்டியைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள்.

"பின்னால வரச் சொல்லு. ஆனா தள்ளி வரச் சொல்லு."

அந்த ஊர்வலத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! முன்னால் அம்மா விறுவிறுவென்று. அவளுக்குப் பின்னால் நான். ரொம்பத் தள்ளி அத்தான், அவள் நின்றால் நின்று, நடந்தால் நடந்து. அவருக்குப் பின்னால் மேடம், வாணலி, மொத்தக் கூட்டமும். வழியில் அம்மாவின் துணி முள்ளில் மாட்டிக்கொண்டது. எடுத்துவிட நான் குனிந்தபோது பின்னால் நாற்பது பேர் சட்டென்று நின்று ஒருவர் மேல் ஒருவர் மோதிக்கொண்டார்கள். ஆற்று வளைவில் ஒரு பெரிய பாவோபாப் மரம். அதன் பின்னால் எறும்புதின்னி பறித்த பழைய வளை. பெண்கள் அதை அகட்டி அகட்டி ஒரு தோண்டலாகவே ஆக்கி வைத்திருந்தார்கள். முளை வரிசை அந்தப் பக்கம் எட்டவே இல்லை.

அம்மா முதல் வெட்டைப் போட்டாள். திரும்பி மண்வெட்டியைத் தரையில் வைத்துவிட்டு விலகினாள், கையோடு கை கொடுக்கக் கூடாதல்லவா. அத்தான் எடுத்தார். அந்த மனுஷன் அன்று வெட்டின வெட்டை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். முழங்கால் ஆழத்தில் பெரிய செதில். இடுப்பளவில் பெரிய செதில். நெஞ்சளவிலும் அதே. "இங்க யாரும் சமைச்சிருக்கலையே? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்று மேடம் கேட்டுக்கொண்டே இருந்தாள். வாணலியில் போட்டாள். பொங்கியது. அளவுப் பாத்திரத்தை நான்தான் பிடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு யாரும் வீட்டுக்குப் போகவில்லை. அக்காள் மஹேவுக் கூழ்க் குடங்களைச் சுமந்து வந்தாள், வந்தவளும் ஒரு கடப்பாரையைப் பிடித்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமைக்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மேடம் காட்டின இடத்திலெல்லாம் வெட்டினோம். எல்லாவற்றிலும் பெரிய செதில் பொரிகல்.

பெரியவர் பளபள ஷூவில் வந்தார். மேடம் முதலில் அவரை அம்மாவின் சமையலறைக் குழிக்குத்தான் கூட்டிப் போனாள். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். மனுஷன் டையை அவிழ்த்துவிட்டுச் சிரித்தார். பிறகு ஆற்று வளைவில் ஒவ்வொரு குழியிலும் தானே இறங்கினார். ஷூ போச்சு. ஏறி வந்தபோது சிரிக்கவில்லை. நாங்கள் எல்லோரும் சுற்றி நின்றோம். அம்மாவும் நின்றாள், பாவோபாப் மரத்தைப் பிடித்துக்கொண்டு.

"சுரங்கம் வரும்னு இப்ப என்னால சொல்ல முடியாது" என்றார். "ஆழம் பாக்க மெஷின் கொண்டுவந்து துளை போடணும். ஆத்துக்கு அந்தப் பக்கம் எவ்வளவு தூரம் போகுதுன்னு பாக்கணும். முடிவு தெரிய இன்னும் ஒரு வருஷம் ஆகும். அதுவரைக்கும் கூடாரம் இருக்கும். ஆளுங்களும் இருப்பாங்க."

ஒரு வருஷம்! அத்தான் தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் ஆடினார்கள், விசில் அடித்தார்கள், பெண்கள் குலவையிட்டார்கள். அக்காள் மேல்துணியில் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள், தோள் குலுங்கியது. அந்தக் கூச்சலுக்கு நடுவில் அம்மா மரத்தை விட்டு விலகி நடந்துவந்தாள். என்னைத் தாண்டினாள். நான் "அம்மா, அம்மா" என்று கையைப் பிடிக்கப் போனேன். கேட்கவில்லை. அத்தானுக்கு எதிரில் போய் நின்றாள். கல்யாணம் ஆனதிலிருந்து அவ்வளவு பக்கத்தில் அவர்கள் நின்றதில்லை.

"ஜனவரியில வீட்ல இருப்பீங்களா?" என்று கேட்டாள். அவரிடம்தான். நேராக.

அத்தான் என் பக்கம் திரும்பினார். "ரிந்தாய், அத்தைகிட்ட சொல்லு..."

"நான் எதுக்கு? வாய் இருக்குல்ல, நீங்களே சொல்லுங்க" என்றேன்.

அவர் குந்தினார். கையைக் குவித்து மெல்லத் தட்டினார். மறுபடி தட்டினார்.

"இருப்பேன் அத்தை."